சுர்ஸ்ட்ரோமிங் என்றால் என்ன? சுவீடன்காரர்கள் ஏன் அதை விரும்பிச் சாப்பிடுகிறார்கள்?

பால்டிக் கடலில் வசந்தகாலத்தில் பிடிக்கும் ஹெர்ரிங் மீனுக்குக் குறைவாக உப்புப் போட்டு, புளிக்க வைத்து டப்பாவில் அடைப்பதுதான் சுர்ஸ்ட்ரோமிங். உப்பு கிடைப்பதே அரிதாக இருந்த காலத்தில் மீனைக் காப்பாற்றிய வழி இது. டப்பாவுக்குள்ளும் புளிப்பு நிற்பதில்லை. மூடி வைத்த இட்லி மாவு பொங்குவது போல, வாயு சேர்ந்து தகரமே உப்பிவிடும், அதனால்தான் வீட்டுக்கு வெளியே, சிலர் வாளித் தண்ணீருக்குள் அமுக்கி வைத்துத் திறக்கிறார்கள்.

ஆகஸ்ட் மூன்றாம் வியாழன்தான் புது டப்பாக்கள் விற்பனைக்கு வரும் வழக்கமான நாள். அப்புறம் என்ன, வடக்கு சுவீடனில் சொந்தபந்தம் கூடி, மெல்லிய ரொட்டியில் வெண்ணெய் தடவி, உருளைக்கிழங்கு, வெங்காயத்தோடு சின்னத் துண்டு மீனை வைத்துச் சுருட்டிச் சாப்பிடும் விருந்துதான். அருமையான வழக்கம்!

டப்பாவைத் திறந்ததும் வரும் கடும் நாற்றத்தை வைத்து இதை அழுகிய மீன் என்று நினைக்காதீர்கள்: அழுகச் செய்யும் கிருமிகளை அந்த உப்பு தடுத்துவிடுகிறது, புளிக்க வைப்பவை மட்டும் வேலை செய்கின்றன.