அந்த 14 சேர்வர்கள் எங்கே, தம்பி?

கேள்வி: உப்புவெளியில் வீட்டில் இருந்தபடியே கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். எங்கள் கணினிகளையெல்லாம் யூசிஎம்டிபியில் (எந்தக் கணினியில் என்ன ஓடுகிறது, எது எதனோடு தொடர்பு என்று பதிந்து வைக்கும் மென்பொருள்) பதிந்து வைத்திருக்கிறோம். அதிலிருந்து 'எல்லா சேர்வர்களும் அவற்றில் ஓடும் தரவுத்தளங்களும்' என்று ஒரு அறிக்கை கேட்டார்கள். அதற்கு எழுதிய வினவலில் சேர்வர் ஒரு கணு (புள்ளி), தரவுத்தளம் ஒரு கணு. இடையில் 'டிபெண்டன்சி' (ஒன்று மற்றதை நம்பியிருப்பது) உறவைப் போட்டேன், ஒன்றும் வரவில்லை. மூத்தவர் ஒருவர் உறவு வகைகளுக்கெல்லாம் மேலே இருக்கும் பொது வகையைப் போடச் சொன்னார், வந்தது. எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவர் பொறுப்பாகப் பார்த்துவந்த 14 சேர்வர்கள் மட்டும் வரவில்லை. அவற்றை யாரும் கேட்பதில்லை, அதனால் அப்படியே அனுப்பிவிட்டேன். நான் போட்ட உறவு சரியா?

பதில்: சரியில்லை. 'கம்போசிஷன்' (ஒன்று மற்றதற்குள் அடங்கியிருப்பது) போடும். அம்பு சேர்வரில் தொடங்கித் தரவுத்தளத்தில் முடிய வேண்டும். தரவுத்தளம் சேர்வரை நம்பித்தான் இருக்கிறது என்று நீர் யோசித்தது நியாயம்தான், ஆனால் அந்தச் சோடிக்கு அங்கே பதிந்திருக்கும் உறவு அதுவல்ல. பொது வகையைக் கேட்டால் அதன் கீழுள்ள எல்லா வகையும் வரும், வேண்டாததும் சேர்ந்து. மாமாவையும் சித்தப்பாவையும் 'அங்கிள்' என்று கூப்பிடும் வீடுகள் திருகோணமலையிலும் பெருகிவிட்டன. நாளைக்குத் தாய்மாமன் செய்ய வேண்டியதை யார் செய்வது என்று கேட்டால் அங்கே ஆளையாள் பார்ப்பார்கள். உமது மூத்தவர் தந்ததும் அந்த மாதிரி யோசனைதான்.

அது போகட்டும். 'யாரும் கேட்பதில்லை' என்று போகிற போக்கில் எழுதினீரே, அதற்கு வருகிறேன்.

கேட்டது 'எல்லா சேர்வர்களும்'. நீர் அனுப்பியது, தரவுத்தளம் உள்ள சேர்வர்கள். இரண்டும் ஒன்றா? சேர்வர் கணுவின் கார்டினாலிட்டியை (உறவின் மறுமுனையில் எத்தனை இருக்கலாம் என்ற எண்ணிக்கையை) திறந்து பாரும். குறைந்தபட்சம் 1 என்று இருக்கும். நீர் போட்டதல்ல, அதுவாகவே வருவது. உறவின் மறுமுனையில் ஒன்றாவது இருந்தால்தான் இந்தச் சேர்வர் வரலாம் என்பது அதன் பொருள். மறுமுனையில் ஆளில்லாததைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும், பிழைச்செய்தி கூடக் காட்டாது.

எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் அழைப்புப் பட்டியலைக் குடும்பம் குடும்பமாக எழுதினோம், கணவன் பெயர் முதலில். கல்யாணமே செய்யாத மாமிக்கு அந்தக் கொப்பியில் வரியே இல்லை. பலகாரம் முழுக்கச் சுட்டது அவர். யாரும் வேண்டுமென்று விடவில்லை, பட்டியல் அப்படி. அதை எழுதியவன் நான்தான், தம்பி. அதனால்தான் உம்மிடம் இவ்வளவு கோபம்.

இன்னொன்றையும் யோசித்தீரா? அந்த 14இல் தரவுத்தளம் இல்லை என்று யார் சொன்னது? பதிவில் இல்லை, அவ்வளவுதான். வலையில் தேடிப் பதிகிற புரோப், உள்ளே நுழையக் கடவுச்சொல் கேட்கும். முன்பு இருந்தவர் போகும்போது கடவுச்சொல்லை மாற்றியிருந்தாலோ, யாரிடமும் கொடுக்காமல் போயிருந்தாலோ, அது படலைக்கு வெளியே நின்று, 'இங்கே ஒரு கணினி இருக்கிறது' என்று மட்டும் எழுதிக்கொண்டு திரும்பியிருக்கும். உள்ளே ஒருவர் இருக்கிறாரா என்று அதற்குத் தெரியாது. உமக்கும் தெரியாது. தெரியாததை 'இல்லை' என்று கணக்கில் காட்டிவிட்டு, யாரும் கேட்பதில்லை என்கிறீர். பார்த்தவர் போய்விட்டால் அவர் பார்த்ததெல்லாம் வந்தவன் தலையில். நம் வீடுகளில் அப்படித்தான், வேலைத்தலத்திலும் அப்படித்தான் என்று நான் நினைக்கிறேன். பழைய ஆளின் பொறுப்பு என்று ஒதுங்குகிறவனோடு எனக்குப் பேச்சில்லை.

இன்றிரவே சேர்வர் கணுவில் அந்த 1ஐ 0 ஆக்கும். தரவுத்தளக் கணுவில் 1 அப்படியே இருக்கட்டும், ஏனென்றால் சேர்வரே இல்லாத தரவுத்தளத்தை யாரும் கேட்கவில்லை. வினவலை ஓட்டி எண்ணிப் பாரும், 14ம் வர வேண்டும். அப்புறம் அவற்றின் கடவுச்சொல் யாரிடம் என்று விசாரித்து, தேடலை அந்த 14க்கும் மறுபடி ஓட்டச் சொல்லும்.

கொழும்புக்கு அனுப்பியது பிழை என்று நாளைக் காலையே எழுதும், அவர்கள் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். முதல் வரியில் 14 என்ற எண் இருக்கட்டும். முன்பு இருந்தவரின் பெயர் அந்தக் கடிதத்தில் எங்கும் வரக்கூடாது.