சொந்த ஏப்ரனா, லாட்ஜின் பொது ஏப்ரனா?

கேள்வி: நான் ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவ அமைப்பில் சேர்ந்து, அண்மையில் அதன் மூன்றாம் பட்டமான மாஸ்டர் மேசன் பட்டம் பெற்றேன். முதல் பட்டத்தின்போது எனக்கு வெள்ளை ஆட்டுக்குட்டித் தோலாலான ஏப்ரன் ஒன்றைக் கொடுத்தார்கள். அது வீட்டில் இருக்கிறது. எங்கள் லாட்ஜின், அதாவது அமைப்பின் உள்ளூர்க் கிளையின், கூட்டங்களுக்குப் போகும்போது அறைக்கு வெளியே உள்ள பெட்டியிலிருந்து துணி ஏப்ரன் ஒன்றை எடுத்துக் கட்டிக்கொள்கிறேன். அவற்றில் பலவும் கறை படிந்தவை. சிலவற்றில் நாடா அறுந்துவிட்டது. சொந்தமாக ஒன்று வாங்கி அணியலாமா என்று கேட்டதற்கு, மூத்த சகோதரர் ஒருவர், "அது உங்களைத் தனித்துக் காட்டிக்கொள்வதாகும்" என்றார். இன்னொருவரோ, "தோல் ஏப்ரனையே அணியுங்கள், கொடுத்ததே அதற்குத்தான்" என்றார். எது சரி?

பதில்: லாட்ஜுகளுக்கெல்லாம் தலைமையான உங்கள் கிராண்ட் லாட்ஜின் விதியோ உங்கள் லாட்ஜின் துணைவிதியோ தடுக்காதவரை, சொந்த ஏப்ரன் அணிவதில் தவறு எதுவும் இல்லை. அது பெட்டியில் இருப்பதைப் போலவே அலங்காரமற்ற வெள்ளை ஏப்ரனாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. முதல் பட்டத்தில் பெற்ற தோல் ஏப்ரனை மாதாந்தரக் கூட்டங்களுக்கு எடுத்துச் சென்று தேய்க்க வேண்டாம் என்பது இன்னொன்று. சொந்தமாக ஒன்று வந்துவிட்டது என்பதற்காகப் பொதுப் பெட்டியை மறந்துவிட வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்வேன். இரு சகோதரர்கள் சொன்னதிலும் ஓரளவு நியாயம் உண்டு. அது எதுவரை செல்லும் என்பதைப் புரிந்துகொள்ள, ஏப்ரன் எந்த மரபில் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் ஐக்கிய கிராண்ட் லாட்ஜைப் பின்பற்றும் லாட்ஜுகளில் இந்தக் கேள்வியே பெரும்பாலும் எழாது. அங்கே பட்டத்துக்கேற்ப ஏப்ரனே மாறுகிறது. முதல் பட்டத்துக்கு எந்த அலங்காரமும் இல்லாத வெள்ளை ஏப்ரன். அகலம் 14 முதல் 16 அங்குலம், உயரம் 12 முதல் 14 அங்குலம் என்று அவர்களுடைய விதிநூலே அளவு சொல்கிறது. இரண்டாம் பட்டத்தில் கீழ்ப்பகுதியில் இரண்டு வான்நீல ரிப்பன் பூக்கள் சேர்கின்றன. மாஸ்டர் மேசனுக்கு வான்நீல விளிம்பும், மேல்மடலில் (மேலே மடிந்து தொங்கும் பகுதியில்) மூன்றாவது பூவும், இருபுறமும் வெள்ளிக் குஞ்சங்களும் வருகின்றன. முதல் இரண்டு பட்டங்களும் ஒருவர் சில மாதங்களில் கடந்துவிடக்கூடியவை என்பதால் அந்த ஏப்ரன்களை லாட்ஜே வைத்திருந்து கொடுத்து வாங்கிக்கொள்கிறது. மூன்றாம் பட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் தமக்கென ஒன்று வாங்கி, தட்டையான பெட்டியில் வைத்துத் தாமே கொண்டுவருகிறார்கள். ஆக, அங்கே பொது ஏப்ரன் என்பது வழியில் உள்ளவருக்கு. சொந்த ஏப்ரன் என்பது மூன்றாம் பட்டத்தை அடைந்தவருக்கு. ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு லாட்ஜும் தனக்கென நிறம் தேர்ந்துகொள்வதால், வேறு லாட்ஜின் ஏப்ரன் அந்த வரிசையில் தனியாகவே தெரியும்.

நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் அமெரிக்க லாட்ஜுகளின் வழக்கம். அங்கே ஏப்ரன் மாறுவதில்லை, கட்டும் முறைதான் மாறுகிறது. மேல்மடலைத் தூக்கி வைப்பது, இறக்கிவிடுவது, கீழ்மூலை ஒன்றை மடித்துச் செருகுவது என்று, ஒரே வெள்ளைத் துணி மூன்று பட்டங்களுக்கும் பயன்படுகிறது. எந்த மூலை, எந்தப் பட்டத்துக்கு என்பது மாநிலந்தோறும் உள்ள கிராண்ட் லாட்ஜைப் பொறுத்து வேறுபடும். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எடுத்துக் கட்டிக்கொள்ள முடிவதால்தான் வாசலில் ஒரு பெட்டி வைப்பது அங்கே சாத்தியமாகிறது. தோல் ஏப்ரன் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கிறது. அது ஒருவர் மேசனாக ஆனதற்கு அடையாளமாகக் கொடுக்கப்படுவது. பெரும்பாலானவர்கள் அதை அதற்குப் பின் அணிவதே இல்லை.

இனி மூத்த சகோதரர் சொன்னதற்கு வருகிறேன். தனித்துக் காட்டிக்கொள்வது பற்றிய அவருடைய கவலை வெறும் கற்பனை அல்ல, அதற்கு நீண்ட வரலாறு உண்டு. மேசன் என்ற பெயரும் ஏப்ரனும் எவர்களிடமிருந்து வந்தனவோ அந்தக் கல்தச்சர்களின் ஏப்ரன் முழுத்தோலாக, முழங்காலுக்குக் கீழ்வரை தொங்கி, மார்பையும் மறைப்பதாக இருந்தது. இன்று நாம் மேல்மடல் என்று மடித்து வைத்திருப்பது அந்த மார்புத்துண்டின் மிச்சம்தான். இங்கிலாந்து ஏப்ரனின் குஞ்சங்களும், பின்னால் சுற்றிவந்து முன்னால் முடியப்பட்ட நாடாக்களின் தொங்கும் நுனிகளிலிருந்து வந்தவை என்றே விளக்கப்படுகின்றன. 18-ஆம் நூற்றாண்டில் வசதியுள்ளவர்கள் சேர்ந்தபோது ஏப்ரன் சுருங்கியது, கூடவே அலங்காரம் பெருகியது. பட்டுத் துணியிலும் தோலிலும் தூண்கள், சூரியன், சந்திரன், கண் என்று ஓவியம் தீட்டியும் தையல்வேலை செய்தும் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி அணிந்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அன்பளிப்பாக வந்த, தையல்வேலைப்பாடு நிறைந்த ஏப்ரன்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. இங்கிலாந்தில் இரண்டு கிராண்ட் லாட்ஜுகள் 1813-இல் ஒன்றிணைந்த பிறகுதான் வடிவமும் அளவும் நிறமும் விதியால் கட்டுப்படுத்தப்பட்டன. எனவே ஏப்ரன் ஆடம்பரமாகிவிடும் என்று அஞ்சுபவர், ஒரு முறை நடந்துவிட்ட ஒன்றைக் கண்டுதான் அஞ்சுகிறார்.

ஆனால் அந்தச் சீர்திருத்தம் எதைக் கட்டுப்படுத்தியது என்பதைக் கவனியுங்கள். ஏப்ரன் யாருக்குச் சொந்தம் என்பதை அது கேட்கவில்லை. எப்படி இருக்க வேண்டும் என்பதைத்தான் சொன்னது. சமத்துவம் ஒரே பெட்டியிலிருந்து எடுப்பதால் வருவதில்லை. ஒரே மாதிரி அணிவதால் வருகிறது. வெள்ளைத் துணி அணிந்த இருபது பேர் உட்கார்ந்திருக்கும்போது, அவற்றில் எது வீட்டிலிருந்து வந்தது, எது பெட்டியிலிருந்து வந்தது என்று எதிரில் இருப்பவரால் சொல்ல முடியாவிட்டால் யாரும் தனித்து நிற்கவில்லை. அப்படிச் சொல்ல முடிந்தால், அதாவது முன்புறத்தில் பெயர் பொறித்திருந்தால், வேறு அமைப்பின் சின்னம் இருந்தால், பளபளக்கும் கரை வைத்திருந்தால், அந்த மூத்த சகோதரர் சொன்னது சரியாகிவிடும். பெயர் எழுத வேண்டும் என்றால் உட்புறத்தில், இடுப்புப்பட்டிக்குக் கீழே, சலவையில் போகாத மையால் சிறியதாக எழுதுங்கள்.

இன்னொரு பழைய விதியும் இங்கே பொருந்தும். 1723-இல் அச்சான, ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த மேசன்களின் விதிநூலில், புதிதாகச் சேரும் சகோதரர் அங்கே கூடியிருக்கும் சகோதரர்கள் அனைவருக்கும் உடை கொடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஏப்ரனும் கையுறையும் என்றே அதற்குப் பொருள் கொள்ளப்படுகிறது. இன்று லாட்ஜ் புதியவருக்கு ஏப்ரன் கொடுக்கிறது, அன்று புதியவர் லாட்ஜுக்குக் கொடுத்தார். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஏப்ரன் இரண்டு காலங்களிலும் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கும் பொருளாக இருந்திருக்கிறது என்பதுதான். சொந்தமா பொதுவா என்று கோடு கிழித்துப் பேசும்போது நாம் இதைத் தவறவிடுகிறோம்.

தோல் ஏப்ரனை அணியச் சொன்ன சகோதரரின் வாதத்தை நான் மதிக்கிறேன். அணியாமல் பூட்டிவைத்த பொருளுக்கு உயிர் இல்லை என்று அவர் நினைப்பது புரிகிறது. இருந்தாலும் பல ஆண்டுகள் ஏப்ரன்களைப் பராமரித்தவன் என்ற முறையில் என் கருத்து வேறு. ஆட்டுக்குட்டித் தோல் மெல்லியது. வியர்வை பட்ட இடம் முதலில் மஞ்சளாகும், பிறகு விறைக்கும், அதன்பின் மடித்த கோட்டில் வெடிக்கும். ஒரு முறை, மறைந்த சகோதரர் ஒருவரின் வீட்டில், அவருடைய தோல் ஏப்ரனை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். நான்காக மடித்து பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தார். வெளியே எடுத்து விரித்தபோது, நடுவில் சிலுவைபோல இரண்டு பழுப்புக் கோடுகள், அவை சந்திக்கும் இடத்தில் விரல் நுழையும் அளவு ஓட்டை, ஓரங்களில் பூஞ்சையின் கரும்புள்ளிகள். சவப்பெட்டியின் மேல் விரிக்க வேண்டிய அதை, ஓட்டை தெரியாதபடி கீழிருந்து ஒரு வெள்ளைத் துணியை வைத்து விரித்தோம். அந்த இறுதிச் சடங்குக்காகத்தான் பலரும் அதைப் பத்திரப்படுத்தி வைக்கிறார்கள், அவரும் அப்படித்தான் வைத்திருந்தார். பத்திரப்படுத்திய முறைதான் அதைக் கெடுத்துவிட்டது.

ஆகவே உங்கள் தோல் ஏப்ரனை மடிக்காமல், அமிலமற்ற காகிதத்தை அடியிலும் மேலும் வைத்து, தட்டையான அட்டைப் பெட்டியில் படுக்க வையுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் அது வேண்டாம். வெயில் படும் இடமும் ஈரச் சுவரும் ஆகா. அழுக்கு இருந்தால் மென்மையான உலர்ந்த துணியால் துடையுங்கள். தண்ணீரும் சோப்பும் இஸ்திரிப் பெட்டியும் அதன் அருகே வரக்கூடாது. வருடத்தில் இரண்டு மூன்று முறை வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள். அது எங்கே இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவைப்பதும் முக்கியம். மேசன் அல்லாத குடும்பத்தினருக்கு அது ஒரு பழைய தோல் துண்டாகத்தான் தெரியும். லாட்ஜின் ஆண்டு விழா, உங்களுக்கு நெருங்கியவர் முதல் பட்டம் பெறும் நாள் போன்ற ஓரிரு சந்தர்ப்பங்களில் அதை அணிய விரும்பினால் அணியுங்கள். அதற்கு அது தாங்கும்.

மாதாந்தரக் கூட்டங்களுக்கு, கனமான பருத்தித் துணியில் ஒன்று வாங்குங்கள் அல்லது தைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் உள்ளவற்றில் நல்ல நிலையில் இருப்பது ஒன்றை அளவெடுத்து அதே நீள அகலத்தில் செய்வது நல்லது. மெல்லிய துணி மடிப்பு நிற்காமல் சுருண்டு, மேல்மடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாமல் போகும். நாடா, கோட்டின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடும் அளவு நீளமாக இருக்கட்டும். கொக்கி வைத்த பட்டி வசதியானதுதான், ஆனால் மலிவான உலோகம் துருப்பிடித்தால் துணியில் ஏறும் கறை எந்தச் சலவையிலும் போகாது. ஏப்ரனைக் கோட்டுக்கு மேலே அணிவதா, உள்ளே அணிவதா என்பதும் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், லாட்ஜில் மற்றவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள்.

பெட்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஏப்ரன்கள் சுத்தமாக இருந்திருந்தால் நீங்கள் இதைக் கேட்டே இருக்க மாட்டீர்கள். பெட்டி கெடுவது எப்படி என்று பலமுறை பார்த்திருக்கிறேன்: கூட்டம் முடிந்ததும் சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் ஏப்ரனைச் சுருட்டி வீசுகிறார்கள், நாடாக்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன, அடுத்த முறை ஒருவர் ஒன்றை இழுக்க ஐந்து சேர்ந்து வருகின்றன, இழுத்த இழுப்பில் ஏதோ ஒன்றின் நாடா தையலோடு பிய்கிறது. அறுந்த நாடாவை யாரும் தைப்பதில்லை. திரும்பவும் அடியில் போய்விடுகிறது. பார்வையாளராக வரும் சகோதரருக்கு, கடைசியாக வந்தவர் என்பதால், அந்த அடியில் கிடப்பதுதான் கிடைக்கிறது. நம் லாட்ஜுக்கு முதன்முதலாக வந்த ஒருவரின் கையில் நாம் கொடுக்கும் முதல் பொருள் அதுவாக இருப்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும்.

இதற்குத் தீர்வு எளிது. கழற்றியதும் நாடாக்களை உள்ளே வைத்து, ஏப்ரனை இரண்டாக மடித்து, நாடாவாலேயே ஒரு சுற்றுச் சுற்றி வைத்தால் சிக்கல் பாதி தீரும். சில கூட்டங்களுக்கு ஒரு முறையாவது மொத்தத்தையும் சலவைக்குப் போட்டு, லேசாகக் கஞ்சி வைத்து, ஈரம் முழுவதும் காய்வதற்கு முன் இஸ்திரி போட்டால் மடிப்பு நிற்கும். கறை போகாதவற்றைத் தயங்காமல் எடுத்துவிட வேண்டும். பருமனான சகோதரர்களுக்காக நீளமான நாடா வைத்த சிலவற்றைத் தனியே வைப்பதும் மரியாதை. நாடா எட்டாமல் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். லாட்ஜில் இதை யாருக்கும் பொறுப்பாகக் கொடுத்திருக்காவிட்டால், விருந்து ஏற்பாடுகளைக் கவனிக்கும் ஸ்டூவர்டிடமோ, வாசலைக் காக்கும் டைலரிடமோ நீங்களே கேட்டு ஒரு சுற்றுச் சலவையை ஏற்றுக்கொள்ளுங்கள். சொந்த ஏப்ரன் அணிபவர் பொதுப் பெட்டியையும் பார்த்துக்கொள்கிறார் என்றால், அவரைத் தற்பெருமைக்காரர் என்று சொல்லும் வாய் தானாக அடங்கும்.

சொந்தமோ பொதுவோ, உங்கள் விருப்பத்துக்கு உட்படாத ஏப்ரன்களும் உண்டு. லாட்ஜின் தலைவரான மாஸ்டர், அவருக்கு அடுத்த நிலையிலுள்ள வார்டன் முதலிய பொறுப்பாளர்களின் ஏப்ரனும் கழுத்துப்பட்டையும் பதவிக்குரியவை. பதவிக்காலம் முடிந்ததும் அடுத்தவருக்குப் போக வேண்டியவை. முன்னாள் மாஸ்டரின் ஏப்ரனை அந்தத் தகுதி இல்லாதவர், அவசரத்துக்குக்கூட இரவல் வாங்கி அணியக்கூடாது. மார்க், ராயல் ஆர்ச் போன்ற பிற மேசன் அமைப்புகளின் ஏப்ரன்களுக்கு உங்கள் லாட்ஜ் கூட்டத்தில் இடமில்லை. வேறொரு கிராண்ட் லாட்ஜின் எல்லைக்குள் போகும்போது, சொந்த ஏப்ரனைக் கொண்டுவருவதா, அங்கே கொடுப்பதை அணிவதா என்று அந்த லாட்ஜின் செயலாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்; இங்கிலாந்து மரபில் உங்கள் சொந்த ஏப்ரனை எதிர்பார்ப்பார்கள், அமெரிக்க மரபில் பெட்டியைக் காட்டுவார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன் உங்கள் செயலாளரிடம், "அலங்காரமில்லாத வெள்ளைத் துணி ஏப்ரன் ஒன்றைச் சொந்தமாக அணிய விரும்புகிறேன், துணைவிதியில் தடை ஏதும் உண்டா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முதல் நாள் அதை அணிவதற்கு முன் அந்த மூத்த சகோதரரிடம் கையில் கொடுத்துக் காட்டுங்கள். பெட்டியில் உள்ளதற்கும் இதற்கும் சுத்தத்தைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை என்பதை அவரே பார்த்துக்கொள்வார். அப்படியே, அறுந்த நாடாக்களைத் தைக்க உங்களோடு ஒரு மாலை உட்கார முடியுமா என்றும் அவரைக் கேளுங்கள்.