வீட்டில் போர்விமானம் ஓட்டினால் குமட்டுவது ஏன்?

கேள்வி: எனக்கு 41 வயது. கணினி முன் உட்கார்ந்து செய்யும் வேலை. மூன்று வாரமாக மெட்டா குவெஸ்ட் 3 என்ற விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, டிசிஎஸ் வேர்ல்ட் என்ற கணினி விளையாட்டில் எஃப்-16 போர்விமானம் ஓட்டப் பழகுகிறேன். நேராகப் பறக்கும்வரை ஒன்றும் செய்வதில்லை. வான்சண்டைப் பயிற்சியில், எதிரி விமானத்தைத் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே விமானத்தையும் திருப்பும்போது வியர்த்துக் கொட்டிக் குமட்டல் வருகிறது. சில சமயம் மறுநாள் காலைவரை தலை கனக்கிறது. கழுத்தும் பிடித்துக்கொள்கிறது. மைனஸ் 2.5 கண்ணாடி போடுகிறேன். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். உள்காதில் கோளாறா? பேருந்துப் பயணத்துக்குப் போடும் வாந்தி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பழகலாமா? "ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டு, பழகிவிடும்" என்கிறார்கள் நண்பர்கள். போர்விமானிகளைப் போல மூச்சை அடக்கி முக்கவும் செய்கிறேன். அது சரியா?

பதில்: உங்கள் உள்காது ஒழுங்காக வேலை செய்வதால்தான் குமட்டுகிறது. இரண்டு பக்கமும் உள்காதின் சமநிலை உறுப்பு முற்றாகச் செயலிழந்தவர்களுக்குப் பயணக் குமட்டலே வருவதில்லை. நண்பர்கள் சொன்ன 'பல்லைக் கடித்துக்கொள்ளும்' யோசனையையும், மூச்சை அடக்கி முக்குவதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் சரிசெய்யக்கூடியவை.

உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை சுழலும்போது அவை மூளைக்குச் செய்தி அனுப்பும். அவற்றின் அருகில் உள்ள இரு சிறு பைகள் சாய்வையும் நேர்க்கோட்டு வேகமாற்றத்தையும் சொல்லும். நிஜ எஃப்-16 சாய்ந்து திரும்பும்போது கண் பார்ப்பதும் காது உணர்வதும் முதுகு அழுந்துவதும் ஒன்றுக்கொன்று துணைநிற்கும். உங்கள் அறையிலோ கண் மட்டும் 'கவிழ்கிறோம்' என்கிறது. காதும் உடலும் 'நாற்காலியில் அசையாமல் இருக்கிறோம்' என்கின்றன. இந்த முரண்பாடுதான் குமட்டலாக வெளிப்படுகிறது. நேராக, சீரான வேகத்தில் பறக்கும்போது ஏன் ஒன்றும் செய்வதில்லை என்பதற்கும் விடை இதில் இருக்கிறது: அப்போது நிஜ விமானத்திலும் உள்காதுக்குச் சொல்ல எதுவும் இருக்காது. ஆகவே முரண்பாடும் இல்லை.

சண்டைத் திருப்பத்தில் விமானம் ஓர் அச்சில் சுழல்கிறது, உங்கள் தலை வேறோர் அச்சில் திரும்புகிறது. தலையின் அசைவு நிஜம் என்பதால் அதைக் காது சொல்கிறது. விமானத்தின் அசைவைக் கண் மட்டுமே சொல்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கோக்க மூளையால் முடிவதில்லை. உங்களுக்கு அந்த இடத்தில் வியர்ப்பது வியப்பில்லை. இதைப் பலவீனமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சிமுலேட்டர் (தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் கருவி) தரும் குமட்டல் முதலில் பதிவானது 1950களில், அமெரிக்கக் கடற்படையின் ஹெலிகாப்டர் சிமுலேட்டரில். அங்கே புதிதாகப் பழகியவர்களைவிட அனுபவம் மிகுந்த பயிற்றுநர்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். நிஜ விமானம் எப்படி அசையும் என்று அவர்கள் உடலுக்கு நன்றாகத் தெரியும் அல்லவா!

பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினால் பழகாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். குமட்டலோடு திரும்பத் திரும்ப ஓட்டினால், மூளை ஹெட்செட்டையும் குமட்டலையும் சேர்த்தே மனத்தில் பதித்துவிடும். பிறகு ஹெட்செட்டின் ரப்பர் வாசனை பட்டாலே வயிறு புரளும். அந்த நிலைக்குப் போனவர்களை மீட்டுக் கொண்டுவருவது கடினம். குமட்டல் தொடங்கும் எல்லைக்கு உள்ளேயே, சிறு அளவில், தினமும் பழக்கினால்தான் மூளை தன் கணக்கை மாற்றிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிநேரம் ஓட்டுவதைவிடத் தினம் பத்து நிமிடம் ஓட்டுவது நல்லது.

அந்த எல்லையை எப்படிக் கண்டுபிடிப்பது? 0 முதல் 10 வரை உங்களுக்கு நீங்களே மதிப்பெண் போடுங்கள். 0 என்றால் ஒன்றுமில்லை, 10 என்றால் வாந்தி. வயிற்றில் 'ஏதோ இருக்கிறது' என்ற உணர்வு, காரணமில்லாத கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது, மேலுதட்டிலும் நெற்றியிலும் குளிர்ந்த வியர்வை ஆகியவை 2 அல்லது 3. அங்கேயே நிறுத்துங்கள். ஹெட்செட்டைக் கழற்றி, ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் அசையாத ஒன்றைப் பாருங்கள். 3ஐத் தொட்டுவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். 'இன்னும் ஒரே ஒரு சுற்று' வேண்டாம்.

முதல் வாரம் ஓடுதளத்தில் தொடங்காதீர்கள். டாக்ஸி செய்வது (விமானத்தைத் தரையில் ஓட்டிச் செல்வது) எளிது என்று தோன்றும். ஆனால் தரை மிக அருகில் ஓரக்கண்ணில் ஓடுவதால் 'நகர்கிறோம்' என்ற மாயை அங்கேதான் கடுமையாக இருக்கும். தாழப் பறப்பதும் அப்படித்தான். 15,000 அடிக்கு மேல், வானிலேயே தொடங்கும் பயிற்சியை எடுங்கள். நேராகப் பறந்து, 30 டிகிரிச் சாய்வில் மெதுவாகத் திரும்புங்கள். பார்வை ஹட் (விமானியின் முன்னால் பறப்பு விவரங்களைக் காட்டும் கண்ணாடி) வழியே அடிவானத்தில் இருக்கட்டும். பத்து நிமிடம் போதும். நாலைந்து நாள் தொடர்ந்து 0 அல்லது 1இலேயே இருந்தால், கண்ணை அடிவானத்தில் வைத்துக்கொண்டே முழு உருளல் (விமானம் பக்கவாட்டில் ஒரு முழுச் சுற்று சுழல்வது) பழகலாம். அதன் பிறகு தலையைத் திருப்புவது. அப்போது ஒரு விதி: முதலில் தலை, பிறகு ஸ்டிக் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி). எதிரி எங்கே என்று பார்த்து, தலையை அங்கேயே நிறுத்தி, அதன் பிறகு விமானத்தைச் சாயுங்கள். இரண்டும் ஒரே நொடியில் நடக்கவேண்டாம். புறப்பாடும் தரையிறக்கமும் இதற்குப் பிறகு. வான்சண்டையும் வானில் எரிபொருள் நிரப்புவதும் கடைசியில் வரட்டும்.

சுடப்பட்டு விமானம் சுழலத் தொடங்கினால் உடனே கண்ணை மூடிவிடுங்கள். முரண்பாட்டின் ஒரு பக்கம் அந்த நொடியே அறுந்துவிடும். மிஷன் லோட் ஆகும்போது படம் உறைந்து, தலையோடு சேர்ந்து இழுபடும். அப்போதும் கண்ணை மூடிக்கொள்வது நல்லது. காட்சியைப் பெரிதாக்கும் விஆர் ஜூம் பட்டனைக் கூடியமட்டும் தொடாதீர்கள். தலை திரும்பும்போது கண்கள் அதே அளவு எதிர்ப்பக்கம் நகர்ந்து காட்சியை நிலைநிறுத்தும். இந்த அனிச்சைச் செயலுக்கு ஓர் அளவு இருக்கிறது. ஜூம் செய்தால் தலை 10 டிகிரி திரும்பக் காட்சி 20 டிகிரி ஓடும். கண் போட்ட கணக்கு தப்பாகிவிடும்.

படம் தாமதமாக வந்தாலும் இதே கணக்குதான் கெடும். அதனால் கணினி அமைப்பையும் மருத்துவக் காரணமாகவே பார்க்கிறேன். தலை அசைந்ததற்கும் படம் மாறுவதற்கும் இடையே சுமார் 20 மில்லிவினாடிக்கு மேல் போகக்கூடாது. 90க்கும் 50க்கும் இடையே தாவும் ஃப்ரேம் ரேட்டைவிட (வினாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு), ஆடாமல் நிற்கும் 72 உடம்புக்கு நல்லது. சோதித்துப் பார்க்க ஒரு வழி: நகரத்தின் மேல் தாழப் பறந்து பக்கவாட்டில் பாருங்கள் (ஒரே ஒரு நிமிடம் மட்டும்). கட்டடங்கள் இரட்டையாகத் தெரிந்தாலோ காக்பிட் சட்டத்தின் ஓரம் நெளிந்தாலோ, கணினியால் ஃப்ரேம்களைத் தரமுடியவில்லை, இடைவெளியை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது என்று அர்த்தம். விளையாட்டின் அமைப்பில், பின்பக்கம் காட்டும் காக்பிட் கண்ணாடிகளை அணையுங்கள், நிழலையும் மேகத்தையும் குறையுங்கள், படத்தின் ஓரங்களை மழமழப்பாக்கும் எம்எஸ்ஏஏவையும் இறக்குங்கள். அழகு குறையும், குமட்டலும் குறையும்.

எதிரே ஒரு மின்விசிறி வையுங்கள். வியர்வை காய்வதோடு, 'முன்பக்கம் இது' என்று காற்று தோலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது கண். உங்கள் மைனஸ் 2.5 பார்வைக்குக் கண்ணாடியில்லாமல் 40 செ.மீ.க்கு அப்பால் எல்லாம் மங்கல். ஹெட்செட் திரை கண்ணுக்கு ஒட்டினாற்போல் இருந்தாலும், லென்ஸ் அதன் பிம்பத்தை ஒரு மீட்டருக்கும் அப்பால் கொண்டுபோய் வைக்கிறது. எனவே உங்களுக்குத் தேவை தூரப்பார்வைக்கான பவர். 40 வயதுக்கு மேல் பலர் புரோகிரசிவ் கண்ணாடி (ஒரே லென்ஸில் மேலே தூரத்துக்கும் கீழே வாசிப்புக்கும் பவர் உள்ளது) போட்டிருப்பார்கள். அதோடு ஹெட்செட்டை மாட்டினால் கீழே உள்ள திரைகளைப் பார்க்கும்போது வாசிப்புப் பவர் குறுக்கிட்டு மங்கலாகும்; தெளிவு தேடிக் கழுத்தை மேலும் கீழும் ஆட்டுவீர்கள். தூரப் பவர் மட்டும் கொண்ட, ஹெட்செட்டுக்குள் பொருத்தும் லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். சிலிண்டர் பவர் இருந்தால் அதன் அச்சையும் குறிப்பிட்டுச் சொல்லவேண்டும். இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தைக் கண் பரிசோதகரிடம் மில்லிமீட்டரில் எழுதி வாங்கி, ஹெட்செட்டின் அடியில் உள்ள சக்கரத்தில் அந்த எண்ணையே வையுங்கள். உத்தேசமாக வைத்தால் கண்வலியும் தலைக்கனமும் தொடரும். ஹெட்செட்டுக்குள் கண் சிமிட்டுவதும் குறைகிறது. கண் உறுத்தினால், கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதச் சொட்டு மருந்து போதும்.

கழுத்துக்கு வருகிறேன். தலை நாலரை முதல் ஐந்து கிலோ. ஹெட்செட் 515 கிராம்தான் என்றாலும், அந்த எடை முழுவதும் முகத்துக்கு முன்னால் தொங்குகிறது; பின்கழுத்துத் தசைகள் அதை ஓயாமல் இழுத்துப் பிடிக்கவேண்டும். பின்புறம் பேட்டரி உள்ள பட்டை மாட்டினால் எடை கூடினாலும் சமநிலை வரும். பெரும்பாலானவர்களுக்கு அது இதமாக இருக்கும். ஆனால் உங்கள் வலிக்கு எடையைவிடத் திரும்பும் விதமே காரணம் என்று நினைக்கிறேன். பின்னால் பார்க்கும்போது முகவாயைத் தூக்கிக்கொண்டு கழுத்தை மட்டும் முறுக்குகிறீர்கள். அந்த நிலையில் கழுத்தெலும்புகளின் பின்மூட்டுகள் நெருங்கி, நரம்பு வெளியேறும் துளையும் குறுகும். நிஜ எஃப்-16 விமானிகள் கைப்பிடியைப் பிடித்து உடம்பையே திருப்புவார்கள். நீங்களும் இடதுகையால் நாற்காலிக் கையைப் பிடித்து, முதலில் தோளையும் மார்பையும் திருப்புங்கள். மிச்சத்துக்கு மட்டும் கழுத்து. தலை கொஞ்சம் திரும்பினாலே காட்சியைக் கூடுதலாகத் திருப்பித் தரும் எக்ஸ்ஆர் நெக் சேஃபர் போன்ற மென்பொருளைப் பயன்படுத்துவதானால், காட்சி படியாகத் தாவும் முறையைத் தேர்ந்தெடுங்கள். வழுக்கிக்கொண்டே போகும் முறை கழுத்தைக் காப்பாற்றி வயிற்றைக் கெடுக்கும்.

காலையும் மாலையும் முகவாயை உள்ளிழுத்து ('இரட்டைத் தாடை' தெரிய) 5 வினாடி நிறுத்தி விடுங்கள், 10 முறை. பிறகு உள்ளங்கையை நெற்றியிலும் பிடரியிலும் பக்கவாட்டிலும் வைத்து, தலை அசையாதபடி 5 வினாடி மெதுவாக எதிர்த்துத் தள்ளுங்கள். சுருக்கென்று வலி ஓடினால் செய்யவேண்டாம். நாற்காலியில் சக்கரம் இருந்தால் பூட்டிவிடுங்கள். பெடலை மிதிக்கும்போதெல்லாம் நாற்காலி பின்னால் போக, உங்களை அறியாமல் கழுத்தை முன்னால் நீட்டுவீர்கள்.

மாத்திரையைப் பற்றி. ப்ரோமெதசின், சின்னரிசின் போன்றவை குமட்டலை அடக்கும். ஆனால் மூளை புதிய சூழலுக்குப் பழகவேண்டிய வேலையை அவை மந்தப்படுத்தவும் கூடும். தூக்கக் கலக்கமும் வரும். ப்ரோமெதசின் கலக்கம் மறுநாளும் நீடிக்கலாம். பிராஸ்டேட் வீக்கமோ கண் அழுத்த நோயோ உள்ளவர்களுக்கு அது ஆபத்து. சின்னரிசினை மாதக்கணக்கில் போட்டால் நடுக்கமும் உடல் இறுக்கமும் வரக்கூடும். எப்போதோ போகும் மலைப்பயணத்துக்கு வேறு. தினசரி விளையாட்டுக்கு மாத்திரை வேண்டாம். சுக்கு சிலருக்கு ஓரளவு உதவுகிறது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதையும் கேட்டுவிட்டே சாப்பிடட்டும். வெறும் வயிறும் வேண்டாம், விருந்து சாப்பிட்ட வயிறும் வேண்டாம்.

மூச்சை அடக்கி முக்குவதை உடனே நிறுத்துங்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய வரி அதுதான். 9 ஜி (புவியீர்ப்பைப் போல 9 மடங்கு விசை) திருப்பத்தில் இரத்தம் கால்களுக்கு இறங்கி மூளைக்கு வராமல் போகும். அதைத் தடுக்கத்தான் விமானி தொடையையும் பிட்டத்தையும் இறுக்கி, காற்றை நெஞ்சில் அடைத்து, சுமார் 3 வினாடிக்கு ஒருமுறை சட்டென்று மூச்சு மாற்றுகிறார். உங்கள் நாற்காலியில் 1 ஜிதான் இருக்கிறது. எதிர்த்துத் தள்ள எதுவுமில்லாத இடத்தில் அந்த அழுத்தம் முழுவதும் இரத்த அழுத்தமாக ஏறும்; விட்டதும் சட்டென்று இறங்கி மயக்கம் வரும். கண்ணின் நுண்ணிய இரத்தக்குழாய் வெடிக்கலாம், குடலிறக்கமும் மூலமும் மோசமாகலாம். இரத்த அழுத்தம் உள்ள நீங்கள் அதைச் செய்யவே கூடாது. தாளம் பழக ஆசையிருந்தால், முக்காமல், மூன்று வினாடிக்கு ஒருமுறை சாதாரணமாக மூச்சு விட்டுப் பழகுங்கள்.

ஓட்டி முடித்தபின் ஒரு மணிநேரமாவது பைக்கோ காரோ எடுக்காதீர்கள். தலைக்கனமோ தள்ளாட்டமோ இருந்தால் அது முழுதாகத் தெளியும்வரை, அதாவது மறுநாள்வரைகூட, எடுக்கவேண்டாம். சிமுலேட்டரில் குமட்டல் கண்டவரை அன்று நிஜ விமானத்தில் ஏறவிடாத வழக்கம் ராணுவ விமானப் பிரிவுகளிலேயே உண்டு.

இவ்வளவு செய்தும் ஆறு வாரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால், ஒற்றைத் தலைவலி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அது உள்ளவர்களுக்கு இந்தக் குமட்டல் எளிதில் வரும். ஹெட்செட் இல்லாதபோதும் சுற்றினால், படுக்கையில் புரளும்போது அறையே சுழன்றால், ஒரு காதில் இரைச்சலோ கேட்கும் திறன் குறைவோ இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். கழற்றிய பின்னும் எல்லாம் இரண்டாகத் தெரிந்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்துவலி கைக்கு இறங்கி விரல் மரத்தாலோ, ஸ்டிக்கின் பிடி தளர்ந்தாலோ, ஹெட்செட்டை ஓரமாக வைத்துவிட்டு எலும்பு மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ அந்த வாரமே பாருங்கள்.