கேட்டீர்களா? சொல்கிறோம்! – ஜீன்ஸோடு ஃபூஜி மலை ஏறலாமா?

ஆகஸ்டில் அலுவலக வேலையாக டோக்கியோ போகிறேன். ஒரே ஒரு நாள் ஓய்வு. சாயங்காலம் கிளம்பி, ராத்திரியெல்லாம் ஏறி, உச்சியில் சூரியோதயம் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம் என்கிறார் நண்பர். கையில் ஜீன்ஸும் சாதாரண ஷூவும்தான். போதுமா?

போதாது. முதலில், அந்தத் திட்டத்துக்கே வழியில்லை. பெரும்பாலோர் ஏறும் யோஷிதா பாதை ஐந்தாம் நிலையத்தில் (அடியிலிருந்து உச்சிவரை பாதையைப் பிரிக்கும் நிலைகளில் ஐந்தாவது, பஸ் போய் நிற்கும் இடம்), சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. 2025 விதிப்படி அங்குள்ள வாயிலைப் பிற்பகல் 2 மணிக்கு மூடினால் மறுநாள் அதிகாலை 3 மணிக்குத்தான் திறப்பார்கள். மலைக்குடிலில் படுக்கை பதிவு செய்தவர்களுக்கு மட்டும் விலக்கு. கட்டணம் 4,000 யென். ஒரு நாளைக்கு 4,000 பேருக்குமேல் விடுவதில்லை.

தூங்காமல் ஒரே மூச்சில் ஏறுவதை ஜப்பானியர் 'தன்கான் தோஸான்' என்பார்கள். துப்பாக்கிக் குண்டு மாதிரி போவது என்று அர்த்தம். காலையில் கடல் மட்டத்தில் இருந்த உடம்பை பஸ் சில மணி நேரத்தில் 2,300 மீட்டருக்குக் கொண்டுபோய்விடுகிறது. உச்சி 3,776 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு பழக அவகாசம் கொடுக்காவிட்டால் தலைவலி, குமட்டல் ஆரம்பித்துவிடும். ஐந்தாம் நிலையத்தில் ஒரு மணி நேரமாவது சும்மா இருந்துவிட்டு, பேச்சு தடைபடாத வேகத்தில் ஏறுங்கள். ஓய்வெடுத்தும் தலைவலி குறையாவிட்டால் இறங்குவதுதான் மருந்து. டப்பாவில் விற்கும் ஆக்சிஜன் சில நிமிட ஆறுதல், அவ்வளவே.

குளிர்தான் பலரை ஏமாற்றுகிறது. 100 மீட்டருக்குச் சுமார் 0.6 டிகிரி குறையும். டோக்கியோவில் 30 டிகிரி கொதித்தால் உச்சியில் 7, 8 டிகிரி. விடியற்காலையில் அதற்கும் கீழே. காற்று வேறு வீசும். ஜீன்ஸ் நனைந்தால் காயாது, கால் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். சீக்கிரம் காயும் பேன்ட், கம்பளி அல்லது ஃப்ளீஸ் மேலாடை, மேல்–கீழ் இரண்டு துண்டாக வரும் மழைக்கோட்டு, தலையில் மாட்டும் விளக்கு, கையுறை இவை கட்டாயம். குடை எடுத்துப் போகாதீர்கள், காற்று பிய்த்துவிடும். எல்லாவற்றையும் விலைக்கு வாங்க வேண்டாம், டோக்கியோவிலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

ஏறுவதுதானே கஷ்டம், இறங்குவது சுலபம்தானே?

யார் சொன்னது? யோஷிதாவில் இறங்க வேறு பாதை. எரிமலைச் சரளை முழங்கால் உயரத்துக்குப் புழுதி கிளப்பும்; கால் வைத்த இடமெல்லாம் வழுக்கும். குட்டை ஷூவுக்குள் கூர்மையான கல் புகுந்து, நாலு அடிக்கு ஒரு தடவை உட்கார்ந்து கொட்ட வேண்டியிருக்கும். கணுக்கால் மூடும் பூட்ஸும், அதன் வாயை மூடும் கெய்ட்டரும் இருந்தால் இந்த வேலை இல்லை. குதிகாலை முதலில் ஊன்றி, அடியைச் சிறிதாக வையுங்கள். வேகமாக ஓடி இறங்கினால் மாட்டிக்கொள்வது முழங்கால்.

இன்னொரு பொறி: எட்டாம் நிலையப் பகுதியில் பாதை இரண்டாகப் பிரியும். யோஷிதா பலகை மஞ்சள், சுபாஷிரி என்ற இன்னொரு பாதையின் பலகை சிவப்பு. களைப்பில் முன்னால் போகிறவர் பின்னாலேயே போய்ச் சிவப்பில் இறங்கினால் மலையின் வேறு பக்கத்தில் நிற்பீர்கள். உங்கள் பஸ் யோஷிதா பக்கத்திலிருந்து கவாகுச்சிகோ ஊருக்குப் போயிருக்கும். நீங்கள் நிற்கும் இடத்தில் இருப்பதோ கோதெம்பா ஊருக்குப் போகும் பஸ்.

தண்ணீர், கழிப்பறை வசதி?

குடில்களில் தண்ணீர் கிடைக்கும், உயரத்தோடு விலையும் ஏறும். ஆளுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் கீழிருந்தே எடுத்துப்போங்கள். கழிப்பறைக்குப் பெரும்பாலும் 200, 300 யென். 100 யென் நாணயமாகப் பத்துப் பன்னிரண்டு மாற்றி வையுங்கள். குப்பைத் தொட்டி கிடையாது, குப்பை உங்கள் பையிலேயே இறங்க வேண்டும்.

அக்டோபரில் கூட்டம் குறைவாமே, அப்போது போகலாமா?

வேண்டாம். வழக்கமாக ஜூலை தொடக்கத்திலிருந்து செப்டம்பர் 10 வரைதான் பருவம். அதன்பின் பாதையும் மூடியிருக்கும், குடில்களும் பூட்டியிருக்கும். ஐந்தாம் நிலையம் வரை பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.