வயிற்று வலியும் ஆயாவின் வாதமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு 13 வயது. ஜனவரியில் கிரேட் 8 சேர்ந்து ஹைஸ்கூலுக்குப் போகத் தொடங்கினாள். அன்றிலிருந்து பள்ளி நாட்களில் விடிந்தால் வயிற்று வலி. டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் குறை எதுவும் இல்லை என்றார். பள்ளியில் வாரம் ஒருமுறை எல்லாப் பிள்ளைகளுக்கும் மனநல வகுப்பு நடக்கிறது. அதில் உட்கார்ந்த பிறகு, "எனக்கு ஆங்சைட்டி (பதற்றக் கோளாறு) இருக்கு" என்று சொல்லி அடிக்கடி வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். "பேசிப் பேசியே வியாதிய வரவழைக்கிறாங்க" என்கிறார் அவளுடைய ஆயா (பாட்டி). சரிதானா?

— ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள சகோதரிக்கு,

பாதி சரி. ஆயாவின் வாதத்தையே லூசி ஃபோக்ஸ், ஜாக் ஆண்ட்ரூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2023இல் ஒரு கருதுகோளாக முன்வைத்தார்கள். விழிப்புணர்வுப் பேச்சு பெருகும்போது சில பிள்ளைகள் சாதாரணப் பதற்றத்துக்கும் நோயின் பெயரைச் சூட்டிக்கொள்கிறார்கள். பிறகு பயந்த இடத்தைத் தவிர்க்கிறார்கள். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் நிஜமாகவே வளர்கிறது. இது இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் பிரிட்டனில் 85 பள்ளிகளில், 8,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் மைண்ட்ஃபுல்னஸ் (மூச்சையும் அந்தந்தக் கணத்தையும் கவனிக்கும் மனப்பயிற்சி) வகுப்பைச் சோதித்து 2022இல் வெளியிட்ட முடிவு, வழக்கமான வகுப்புகளைவிட அதில் கூடுதல் பலன் இல்லை என்றது. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. (13 வயதில் யார் செய்வார்கள்?)

அதற்காகச் சிகிச்சையே வீண் என்று ஆயா முடிவு கட்டினால் தவறு. 2008இல் அமெரிக்காவில் பதற்றக் கோளாறுள்ள 488 பிள்ளைகளுக்கு 12 வாரம் சிகிச்சை தந்து பார்த்தார்கள். சிபிடி எனும் பேச்சு சிகிச்சையில் சுமார் 60 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். பதற்றத்தைத் தணிக்கும் செர்ட்ராலின் மருந்தும் சேர்ந்தபோது 81. வெறும் போலி மாத்திரையில் 24. அந்தச் சிகிச்சையின் உயிர்நாடி, பயந்ததைப் படிப்படியாக எதிர்கொள்வது. பொது வகுப்பில் அதற்கு இடமில்லை.

மகளின் வலி நடிப்பல்ல. ஆனால் "சரி, இன்னைக்கு வேண்டாம்" என்றதும் சற்று நேரத்தில் வலி இறங்கிவிடுகிறதல்லவா? வீடுதான் மருந்து என்று உடம்பு அங்கே கற்றுக்கொள்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் குழு, பெற்றோரை மட்டும் பயிற்றுவித்தே பிள்ளைக்கு நேரடி சிபிடி தருவதற்கு இணையான பலன் கண்டது.

ஒரு வாரம், அவளுடைய பயத்துக்காக நீங்கள் செய்பவற்றையெல்லாம் எழுதுங்கள்: லீவு சொல்வது, இடைவேளையில் நாலு தடவை போன் எடுப்பது, "ஒண்ணும் ஆகாது" என்று பத்து முறை சொல்வது. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவிடுங்கள்: "வலிக்குதுன்னு தெரியும்மா. கஷ்டந்தான். ஆனா உன்னால தாங்க முடியும். நாளையிலிருந்து ஒரு தடவைதான் போன் எடுப்பேன்." முதல் பாதியை விட்டால் அதட்டல், இரண்டாம் பாதியை விட்டால் வெறும் அனுதாபம். முதல் சில நாள் அழுகை கூடும். மூன்றாம் நாள் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தால், இன்னும் கொஞ்சம் அழுதால் போதும் என்றுதான் அவள் புரிந்துகொள்வாள். ஆயாவும் அதையே சொல்ல வேண்டும். எங்கேயாவது ஒரு கதவு திறந்திருந்தால் பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடும்.

முழு நாள் முடியாவிட்டால் வகுப்பாசிரியரிடம் பேசி முதல் இரண்டு பீரியடில் தொடங்கலாம். பயம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் அழைத்து வராதீர்கள். சற்று அடங்கிய பிறகு வரட்டும். வீட்டில் தங்கும் நாளில் பள்ளி விடும் நேரம்வரை போனும் டிவியும் கிடையாது.

இத்தனைக்கும் முன்னால் ஒன்றை விசாரியுங்கள்: யாராவது மிரட்டுகிறார்களா, பாடம் புரியவில்லையா, டாய்லெட்டுக்குப் போகப் பயமா? மிரட்டல் இருந்தால் அதை நிறுத்தாமல் அவளை அனுப்புவது கொடுமை. எடை குறைந்தாலோ, வலியால் தூக்கத்தில் விழித்தாலோ மறுபடி டாக்டர்.

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆயாவின் வாதம் இங்கே செல்லாது. ஆமென்றால் அன்றே மருத்துவமனை. பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசி சைல்ட்லைன், எண் 116. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி 12 வயது தாண்டிய, விவரம் புரிந்த பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். ஆகவே உளவியலாளரிடம் நேரம் வாங்குமுன் மகளிடம் பேசிவிடுங்கள்.