மும்பையில் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்தது. இனி தாராவியில் எங்கள் குடும்ப டாக்டரிடம் என்ன காட்டுவது?

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. இனி என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் சிகிச்சை தந்த டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். என்னைக் கேட்டால், கொடுத்த மருந்துகளின் பெயரும் மொத்த அளவும்தான் அதில் முக்கியம். டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து போட்டிருந்தால் பல வருடம் கழித்தும் இதயம் பலவீனமாகலாம். மூச்சு வாங்குகிறது என்று அம்மா போய் நிற்கும்போது, தாராவி டாக்டருக்கு அந்தத் தாள்தான் துப்பு கொடுக்கும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை என்றால் எலும்பு அடர்த்தியும் பார்க்க வேண்டும்.

நேரில் பரிசோதனை பொதுவாக முதல் 3 வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் இடைவெளி கூடும். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) வருடந்தோறும். அறிகுறி எதுவும் இல்லாமல் பெட் ஸ்கேன் (உடல் முழுக்கப் புற்றுநோய் தேடும் ஸ்கேன்) தேவையில்லை. புதிய கட்டி, விடாத எலும்பு வலி, நிற்காத இருமல் வந்தால் குறித்த தேதிவரை காத்திருக்காதீர்கள். இதை அம்மாவிடம் தமிழிலேயே சொல்லி வையுங்கள்.