வேலை விண்ணப்பத்தில் முன்அனுபவப் பகுதியை எப்படி நிரப்புவது?

இரண்டு இடங்களில் வேலை பார்த்திருக்கிறீர்கள், நடுவில் 8 மாத இடைவெளி. இதை விண்ணப்பத்தில் எப்படிக் காட்டுவது என்பது உங்கள் கேள்வி.

எழுத உட்காரும் முன் பழைய நியமனக் கடிதம், அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த மாதம், விலகிய மாதம், பதவியின் பெயர் மூன்றும் அவற்றில் உள்ளபடியே இருக்கட்டும். பின்னால் சரிபார்க்கும்போது ஒரு மாதம் முன்பின் இருந்தாலும் விளக்கம் கேட்கக்கூடும். கடைசியாகப் பார்த்த வேலை முதலில் வர வேண்டும்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது பொறுப்புகளை எழுதும் கட்டத்தில்தான். "கணக்கு வழக்கு பார்த்தேன்" என்றால் படிப்பவருக்கு எதுவும் பிடிபடாது. "மாதம் சுமார் 300 பில்களைச் சரிபார்த்துப் பதிவு செய்தேன், பாக்கி வைத்தவர்களிடம் பேசி வசூலித்தேன்" என்று எழுதிப் பாருங்கள், நீங்கள் செய்த வேலை கண்முன் நிற்கும். எண் உண்மையாக இருக்க வேண்டும். இன்டர்வியூவில் அதைப் பிடித்துக்கொண்டுதான் கேள்வி வரும். "ரெஸ்யூமில் உள்ளது" என்று எழுதிக் கட்டத்தைத் தாண்டிவிடாதீர்கள். பல நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் சலிப்பது மென்பொருள்தான், வெற்றுக் கட்டத்தில் அதற்கு எதுவும் கிடைக்காது.

அப்புறம் அந்த 8 மாதம். தேதிகளை இழுத்து மறைக்க வேண்டாம், தயவுசெய்து. "குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொண்டேன்" என்பது போல நடந்ததை ஒரே வரியில் சொன்னால் போதும். விலகிய காரணமும் அப்படித்தான்: "ஒப்பந்தக் காலம் முடிந்தது", அவ்வளவுதான். இப்போதைய மேலாளரைத் தொடர்புகொள்ளலாமா என்று கேட்டிருந்தால் 'வேண்டாம்' என்று தயங்காமல் குறிக்கலாம்.